மிச்ச இறக்கம்

முதல் நாள், அல் அய்ன் சிக்னலில்
சிவப்புக்குக் காத்திருக்கையில் செத்துப்போனது இன்ஜின்.
ஒரு விக்கல்கூட இல்லை.
பதறிப்போய்ப் பொத்தானை அமுக்கி
நிஜமாகவே அணைத்துவிட்டேன்.
பின்னால் ஐந்து ஹாரன்கள், அதில் ஒன்று தண்ணீர் லாரி.
"நின்னுருச்சா?" என்றான் தில்பகதூர்,
என்னிடம் பொறுக்கிய தமிழில்.
நிற்கவில்லையாம்.
பெட்ரோல் குடிக்காமல் விழித்திருக்கிறதாம்.
ஷோரூம் பையன் சொன்னது
அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பழைய பிக்கப்புக்கு மறைக்கத் தெரியாது.
பசித்தால் இருமும், சுமை ஏறினால் முனகும்.
நான் வருவது சனாயா முழுக்கக் கேட்கும்.
இது பூனைபோல் ரிவர்ஸ் போகிறது.
குந்தி உட்கார்ந்து டீ குடித்த குல் ஜமானின்
முதுகுக்கு ஒரு சாண் முன்னால்
நிறுத்தினேன் ஒருநாள்.
திரும்பிய அவர் பார்த்தது என்னை அல்ல,
சத்தம் இருந்திருக்க வேண்டிய இடத்தை.

நூறு கிலோமீட்டருக்குப் பதினாறு லிட்டர் குடித்த இடத்தில்
பத்துதான் குடிக்கிறது. பொய்யில்லை,
டிரிப் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நானே எழுதிவைத்தேன்.
பெட்ரோல் படியில் மிஞ்சுவது டிரைவருக்கு,
அதுதான் வழக்கம்.
மனசுக்குள் கூட்டிக் கூட்டி
ஒரு பழைய வாஷிங் மெஷின்வரை போயிருந்தேன்.
இரண்டாம் மாதமே ஷாஜு
படியைப் பத்துக்கு வெட்டினான்.
"ஹைபிரிட் அல்லவா, அண்ணா."
அண்ணா என்றுதான் சொன்னான்.

ஆனால் ஜூலை மத்தியானத்தை மறுக்கமாட்டேன்.
பன்னிரண்டரையிலிருந்து மூன்றுவரை
வெயிலுக்கு மட்டும்தான் டூட்டி.
கேபினில் நாங்கள் நான்கு பேர்.
இன்ஜின் தூங்க, ஏசி மட்டும் விழித்திருந்தது.
ஏதோ சத்தம் கேட்டது: என் மூச்சு.
பன்னிரண்டு வருஷத்தில்
பகலில் அதை நான் கேட்டதேயில்லை.
கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை
யாரும் தொடாமலே இன்ஜின் எழுந்து
பேட்டரிக்கு ஊட்டிவிட்டு மறுபடி படுக்கும்.
ஒவ்வொரு முறையும் தில்பகதூர்
திடுக்கிட்டு எழுந்து செருப்பைத் தேடுவான்.

பின்சீட்டுக்கு அடியில் சின்னதாய் ஒரு ஜன்னல்.
பேட்டரி மூச்சு விடுவது அதன் வழியாக.
யாரும் சொல்லவில்லை.
அதன்மேல்தான் எங்கள் சோற்றுப் பைகள்.
ஆகஸ்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது, பிறகு சிவப்பு.
குல் ஜமான் சீட்டைக் கழற்றி
விசிறிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து
செய்தித்தாள்மேல் வைத்தார்.
கைப்பிடி மணல், குபூஸ் துணுக்கு,
தெர்மாகோல் மணிகள், சுரண்டிய ரீசார்ஜ் கார்டு,
நரைத்த மயிர் நாலைந்து. என்னுடையதுதான்.

ஏஜென்ஸி சொன்ன பேட்டரி விலை
என் ஆறு மாதச் சம்பளம்.
கவனக்குறைவு என்று ஒரு தாள் வந்தது.
தொள்ளாயிரம் திர்ஹம், மூன்று தவணை.
வாய் பொத்தியது நாங்கள்தான், உண்மை.
அது வாய் என்று ஒருத்தன் சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மை.
கையெழுத்துக்கு விட்டிருந்த கோடு
ஒன்றுக்குத்தான் இடம் தந்தது.

நேற்று ஜெபல் ஹஃபீத் உச்சி ஓட்டலுக்கு ஆறு ஏசி.
புது பேட்டரி
மூன்றாம் வளைவிலேயே கையை விரித்துவிட்டது.
அப்புறம் பழையதைப் போலவே முனகல்.
சொல்ல வெட்கம்தான், கேட்க நன்றாயிருந்தது.

இறங்கும்போது பிரேக்கைத் தொடத் தொட
ஏறுகையில் வாங்கியதை மலை திருப்பித் தந்தது.
திரையில் பச்சைக் கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறின.
பாதி மலைக்குள் வயிறு நிறைந்துவிட்டது.
மிச்ச இறக்கம் முழுக்க
பிரேக் கட்டையில் சூடாகிக் காற்றோடு போனது.

"இதையும் பிடித்துவைக்க ஒரு பாத்திரம் இருந்தால்!"
என்றான் தில்பகதூர்.
இருந்தால் ஷாஜு
அதையும் படியில் கழிப்பான் என்றேன்.
கீழே முபஸ்ஸராவில் யாரோ கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
கண்ணாடியை இறக்கிவிட்டு
வாசனை தீரும்வரை மெதுவாக உருட்டினேன்.
இன்ஜின் எப்போது அணைந்ததென்று
இரண்டு பேருமே கவனிக்கவில்லை.